ஆண்டு எண் இரட்டையாகத் தெரிகிறது: சில்லறையில் தேடுகிறவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

சில்லறை_டப்பா:
வணக்கம். மூன்று மாதமாகக் கைக்கு வரும் சில்லறையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் செலவழிக்கிறேன். வீட்டில் வருடக்கணக்காகச் சேர்ந்த டப்பா ஒன்றும் இருக்கிறது. அதையும் தினம் ஒரு கைப்பிடி எடுத்துக் கொட்டிப் பார்க்கிறேன்.

நேற்று ஒரு காசில் ஆண்டின் கடைசி இரண்டு எண்களை ஒட்டி இன்னொரு எண் நிழல் மாதிரித் தெரிந்தது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு எண்ணின் இடது பக்கமும் ஒரு படிக்கட்டு போல இருக்கிறது. அந்தப் படி தட்டையாக, பளபளப்பாக இருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில், எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறியும் அதே பக்கம் இரட்டையாகத் தெரிகிறது. இது அச்சிலேயே உருவம் இரட்டையாக விழுந்த டபுள் டைதானா? ராத்திரி சரியாகத் தூக்கமே வரவில்லை.

தேயாத_தேதி:
வாழ்த்துகள்! கண்டிப்பாக டபுள் டைதான். பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பழங்காசு:
தேயாத_தேதி, கொஞ்சம் பொறுங்கள். படம் பார்க்காமல் "கண்டிப்பாக" என்று சொல்ல வேண்டாம். தம்பி எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

தம்பி, ஒரு காசில் வழக்கத்துக்கு மாறாக எதைப் பார்த்தாலும், இது எந்த இடத்தில் பிறந்தது என்பதுதான் முதல் கேள்வி. பிறக்கும் இடங்கள் நாலுதான். அச்சில் பிறந்திருக்கலாம், அடிபடுவதற்கு முன் இருந்த வெற்றுத் தகட்டில் பிறந்திருக்கலாம், அடிக்கும் அந்த நொடியில் பிறந்திருக்கலாம். இல்லையென்றால் நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு யாருடைய கையிலோ, எந்த இயந்திரத்திலோ பிறந்திருக்கலாம். அச்சில் பிறந்ததென்றால் அந்த அச்சு அடித்த அத்தனை காசிலும் அது திரும்பத் திரும்ப வரும். அதைத்தான் வெரைட்டி என்கிறோம். ஒரே ஒரு காசில் மட்டும் வந்தது வெரைட்டி ஆகாது.

டபுள் டை எப்படி வருகிறது? காசை அடிக்கும் அச்சில் உருவம் குழிவாக இருக்கும். அந்தக் குழிவை உண்டாக்க, எழும்பிய உருவம் கொண்ட இன்னொரு கருவியை அச்சின் மேல் வைத்து அழுத்துவார்கள். அதன் பெயர் ஹப். முன்பெல்லாம் ஒரே அழுத்தில் முழு உருவமும் இறங்காது. அழுத்த அழுத்த உலோகம் இறுகிவிடும். அதனால் அச்சை எடுத்துச் சூடேற்றி இளக்கி, திரும்ப வைத்து அழுத்துவார்கள். இரண்டாம் முறை வைக்கும்போது ஒரு மயிரிழை திரும்பியிருந்தால் போதும், எழுத்துகள் இரட்டையாக இறங்கிவிடும். அமெரிக்காவின் 1955 லிங்கன் சென்ட் அப்படி வந்ததுதான். ஆண்டும் வாசகமும் வெறும் கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். பிலடெல்பியா நாணயச்சாலையில் அதைக் கண்டுபிடித்தபோது ஏற்கெனவே நல்ல காசுகளோடு கலந்துவிட்டது. பிரித்தெடுப்பது பெரிய வேலை என்று அப்படியே வெளியே விட்டுவிட்டார்கள். இன்று உலகத்தில் யார் சில்லறையைப் புரட்டினாலும் அதற்குப் பின்னால் அந்த ஒரு சென்ட்டின் கதை கொஞ்சம் இருக்கிறது.

இப்போது உங்கள் காசுக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன தட்டையான, பளபளக்கும் படி அச்சில் பிறந்தது இல்லை. அடித்து முடிக்கும் நொடியில் அச்சு கொஞ்சம் ஆடிப்போய், எழும்பி நின்ற எண்ணின் ஓரத்தை நசுக்கிவிட்டது. இதை இயந்திர இரட்டிப்பு என்போம். எண்ணின் உடம்பிலிருந்தே அந்தப் படி வெட்டி எடுக்கப்பட்டதால் மிச்சம் இருக்கும் எண் மெலிந்து போயிருக்கும். அசல் டபுள் டையில் எண் தடித்திருக்கும், இரண்டு உருவமும் உருண்டையாக நிற்கும். எழுத்தின் முனைகளில் வெட்டு விழுந்த மாதிரி ஒரு பிளவு தெரியும்.

சில்லறை_டப்பா:
ரொம்ப நன்றி ஐயா. ஏமாற்றமாகத்தான் இருக்கிறது, ஆனால் தெளிவாகப் புரிந்தது. நாணயச்சாலைக் குறியும் இரட்டையாக இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

பழங்காசு:
அது தனியாகவே சொல்ல வேண்டிய விஷயம், அதனால்தான் விட்டேன்.

அமெரிக்கக் காசுகளில் 1990 வாக்கில்தான் நாணயச்சாலைக் குறியை மூல அச்சிலேயே சேர்த்தார்கள். அதற்கு முன் ஒவ்வொரு அச்சிலும் அந்தச் சின்ன எழுத்தை ஒருவர் உளியும் சுத்தியலுமாக, கையால் தனியே அடித்து இறக்குவார். ஹப் அழுத்தி முடித்த பிறகு நடக்கும் வேலை அது. ஆக, ஹப் இரண்டு முறை தவறாக விழுந்தால் ஆண்டும் வாசகமும் இரட்டையாகும், குறி ஒற்றையாகவே நிற்கும். 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த டபுள் டை சென்ட்டை எடுத்துப் பாருங்கள். ஆண்டு, வாசகம் எல்லாம் இரட்டை. 'எஸ்' குறி மட்டும் ஒற்றை. அந்தக் காலத்துக் காசில் குறியும் ஆண்டும் ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால், அச்சு ஆடியிருக்கிறது என்று சந்தேகமில்லாமல் சொல்லிவிடலாம்.

மாறாக, குறி மட்டும் இரட்டையாக இருந்து மற்றதெல்லாம் ஒற்றையாக இருந்தால் அதுவும் ஒரு வெரைட்டி. அடித்தவர் முதல் அடி சரியாக விழவில்லை என்று இரண்டாம் அடி அடித்திருக்கிறார். ஆனால் 1990-க்குப் பிந்தைய அமெரிக்கக் காசில் அதைத் தேடினால் வீண். எந்த நாட்டுக் காசைத் தேடினாலும் அந்தந்த வருடத்தில் அச்சு எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் தேடலில் பாதி நேரம் மிச்சம்.

இளமதி_கா:
இந்த 1969-எஸ் பற்றி ஒரு சேர்க்கை. அதே சமயத்தில் கள்ள டபுள் டை சென்ட்டுகளும் புழக்கத்தில் வந்ததால், முதலில் கிடைத்த நல்ல காசுகளையும் அமெரிக்க அதிகாரிகள் கள்ளக்காசு என்று பறிமுதல் செய்துவிட்டார்கள். பிறகுதான் அசல் என்று ஒப்புக்கொண்டார்கள். நிபுணர்களுக்கே அந்த நிலைமை என்றால் நாம் ஒரு படத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது.

தேயாத_தேதி:
என் அவசரத்துக்கு மன்னிக்கவும், பழங்காசு அண்ணா. எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். நான் கணினியில் மாட்டும் நுண்ணோக்கி வைத்திருக்கிறேன், இருநூறு மடங்கு வரை போகும். அதில் பார்த்தால் எல்லாக் காசும் இரட்டையாகவே தெரிகிறது. என்ன செய்வது?

பழங்காசு:
அதை எடுத்து வைத்துவிடுங்கள். ஐந்து முதல் பத்து மடங்கு கைலென்ஸ் போதும். அதில் தெரியாத வெரைட்டியைப் பெரும்பாலானவர்கள் தேடுவதும் இல்லை, பட்டியல் போடுவதும் இல்லை. இருநூறு மடங்கில் ஒவ்வொரு கீறலும் பள்ளத்தாக்குபோல் தெரியும். தேய்ந்த அச்சில் அடித்த காசுகளில் எழுத்தைச் சுற்றி ஒரு மங்கல் படரும். அதை அந்த மடங்கில் பார்த்தால் இரட்டிப்பு என்றே தோன்றும்.

லென்ஸைவிட வெளிச்சம் முக்கியம். விளக்கைத் தலைக்கு மேல் வைக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். காசை மெதுவாகச் சுற்றுங்கள். வெளிச்சம் திரும்பும்போது மறைந்துபோகும் "இரட்டை எழுத்து" வெறும் நிழல். சுற்றினாலும் நிற்பதுதான் உருவம். அப்புறம், அதே வருடத்து, அதே வகையில் சாதாரணக் காசு ஒன்றை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இயல்பான காசு எப்படி இருக்கும் என்று தெரியாமல் இயல்பு மாறியதைக் கண்டுபிடிக்க முடியாது.

வெள்ளி_விளிம்பு:
எனக்கு இரட்டிப்பில் அவ்வளவு பிடிப்பு இல்லை. கண் வலிக்கிறது. நான் தராசும் காந்தமும் வைத்துத் தேடுகிறவன்.

தராசுக்கு நல்ல உதாரணம் 1982 அமெரிக்க சென்ட். அந்த வருடம் நடுவில்தான் செம்பிலிருந்து, செம்பு பூசிய துத்தநாகத்துக்கு மாறினார்கள். செம்பு 3.11 கிராம், துத்தநாகம் 2.5 கிராம். ஆண்டு எண்ணும் பெரியது, சிறியது என்று இரண்டு விதம். உலோகம், எண்ணின் அளவு, எந்த நாணயச்சாலை என்று பிரித்தால் புழக்கத்துக்கென்று அடித்தது ஏழு வகை. எட்டாவதாக ஒன்று இருக்கவே கூடாது: டென்வரில் அடித்த, சிறிய எண் கொண்ட செம்புக் காசு. 2016-இல் அதுவும் கிடைத்தது! முப்பத்து நாலு வருடம் யாருடைய கண்ணிலும் படவில்லை. மிச்சமிருந்த செம்புத் தகடு ஒன்று அச்சுக்குள் போயிருக்கிறது. 1983 சென்ட்டிலும் அதே மாதிரி 3.1 கிராம் எடையில் ஒருசில கிடைத்திருக்கின்றன. இதைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, தராசுதான் சொல்லும்.

பிரிட்டனில் 1, 2 பென்ஸ் காசுகளை 1992-இல் வெண்கலத்திலிருந்து செம்பு பூசிய எஃகுக்கு மாற்றினார்கள். ஆனால் 1998 இரண்டு பென்ஸ் இரண்டு உலோகத்திலும் உண்டு. காந்தத்தைக் காட்டினால் ஒன்று ஒட்டும், ஒன்று ஒட்டாது. அபூர்வம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே ஆண்டு, ஒரே உருவம், இரண்டு உடம்பு என்று கையில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

இளமதி_கா:
எனக்குப் பிடித்தது ஜோடி மாறிய அச்சுகள். ஒரு காசின் முன்பக்க அச்சோடு வேறொன்றின் பின்பக்க அச்சு சேர்ந்துவிடுவது. மியூல் என்பார்கள்.

பிரிட்டனில் 2008-இல் காசுகளின் உருவத்தை மாற்றியபோது 20 பென்ஸில் ஆண்டு எண்ணைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்சக் காசுகளில் பழைய முன்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் சேர்ந்துவிட்டன. இரண்டு பக்கமும் ஆண்டே இல்லை! லென்ஸ் வேண்டாம், தராசு வேண்டாம், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தால் போதும். எத்தனை பேர் பார்க்காமலே செலவழித்திருப்பார்கள்!

ஆஸ்திரேலியாவில் 2000-ஆம் ஆண்டு ஒரு டாலர் காசுக்குப் பத்து சென்ட் முன்பக்க அச்சை மாட்டிவிட்டார்கள். பத்து சென்ட் விட்டம் 23.6 மில்லிமீட்டர், டாலர் 25. அச்சு சின்னதாகிவிட்டதால் அரசியின் பக்கம் விளிம்பு இரண்டு வளையமாகத் தெரியும். ஓரத்தில் மட்டும் கண்ணை வைத்தாலே பிடித்துவிடலாம்.

அதே சமயம் இதில் ஒரு பொறியும் இருக்கிறது. பிரிட்டனின் 2 பென்ஸில் 'நியூ பென்ஸ்' என்று இருப்பது 1981 வரை சாதாரணம். அதே வாசகம் 1983 காசில் இருந்தால்தான் அபூர்வம். அதுவும் பெரும்பாலும் சேகரிப்பாளர்களுக்கான தொகுப்புகளில் இருந்தது, சில்லறையில் வந்து விழுவது கடினம். 1971 காசை வைத்துக்கொண்டு கனவு காண்பவர்கள் நிறைய. பாவம், பாதிச் செய்தியை மட்டும் கேட்டவர்கள்.

தேயாத_தேதி:
அந்தப் பாதிச் செய்தியில் நானும் மாட்டியிருக்கிறேன் அக்கா. "இந்தக் காசு இருந்தால் லட்சாதிபதி" என்று ஒரு காணொளி பார்த்துவிட்டு, வைத்திருந்த காசைப் படமெடுத்து அதில் இருந்த எண்ணுக்கு அனுப்பினேன். உடனே வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்றார்கள். நல்லவேளை, கட்டவில்லை.

வெள்ளி_விளிம்பு:
வாங்குகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2021-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கவோ விற்கவோ வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணமோ, வரியோ, கமிஷனோ யார் கேட்டாலும் நம்ப வேண்டாம் என்று.

நீலப்பை:
புதியவன். ஒரு சின்ன சந்தேகம். என் காசில் ஒரு எழுத்தே காணவில்லை. அது வெரைட்டியா?

பழங்காசு:
பெரும்பாலும் இல்லை. அச்சின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் அடைத்துக்கொண்டால் உலோகம் அங்கே ஏறாது, எழுத்து மங்கும் அல்லது மறைந்துவிடும். அமெரிக்காவின் 2005 கான்சஸ் கால் டாலரில் 'டிரஸ்ட்' என்ற சொல்லின் முதல் எழுத்து இப்படி அடைபட்டு 'ரஸ்ட்' ஆகிவிட்டது. கடவுளை நம்புகிறோம் என்ற வாசகம் துருப்பிடிக்கிறோம் என்று மாறியதால் பெயர் வாங்கியது. மற்றபடி அடைபட்ட எழுத்து எல்லா நாட்டிலும் தினமும் நடப்பது.

கையில் வைத்துக்கொள்ள ஒரு எளிய வழி சொல்கிறேன். காசில் மேலே எழும்பி நிற்கும் கூடுதல் கோடோ கட்டியோ அநேகமாக அச்சில் இருந்த விரிசலால் வந்தது. அச்சில் பள்ளம் என்றால் காசில் மேடு. காசில் உள்ளே இறங்கிய கீறல் அநேகமாக வெளியே வந்த பிறகு பட்டது. விதிவிலக்கு உண்டு, ஆனால் நூற்றில் பெரும்பாலானவற்றை இதை வைத்தே பிரித்துவிடலாம். காசுச்சுருள் கட்டும் இயந்திரம் போடும் வட்டக் கீறல், துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் பல மாதம் சுழன்று விளிம்பு உருண்டுபோன காசு, பட்டறையில் இரண்டு காசைச் சேர்த்து நசுக்கிய தலைகீழ் உருவம் எல்லாம் வாரத்துக்கு ஒன்றாவது "அபூர்வம்" என்று இங்கே வருகிறது.

விளிம்பு கடிபட்ட மாதிரி இருக்கும் காசுக்கு மட்டும் இன்னொரு சோதனை உண்டு. தகடு வெட்டும்போதே குறைந்திருந்தால், கடிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விளிம்பு பலவீனமாக இருக்கும். விளிம்பை எழுப்பும் இயந்திரத்தில் ஒரு பக்கம் பிடிமானம் இல்லாவிட்டால் எதிர்ப்பக்கமும் அழுத்தம் பெறாது. பின்னால் யாரோ அறுத்தது என்றால் எதிர்ப்பக்கம் முழுசாக இருக்கும்.

சில்லறை_டப்பா:
நேற்று ராத்திரி நீங்கள் சொன்னபடி விளக்கைத் தாழ்த்தி வைத்துப் பார்த்தேன் ஐயா. படி தட்டைதான். எண்ணும் மெலிந்திருக்கிறது. பக்கத்தில் சாதாரணக் காசை வைத்த உடனே தெரிந்துவிட்டது. அந்தக் காசைச் செலவழித்துவிடலாமா?

பழங்காசு:
வேண்டாம். இயந்திர இரட்டிப்புக்கு உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒன்று கிடைக்கும்போது ஒப்பிட அதைவிட நல்ல பாடம் கிடையாது.

வெள்ளி_விளிம்பு:
இதில் எனக்கு ஒப்புதல் இல்லை, பழங்காசு. என்னிடம் "உதாரணத்துக்கு" என்று சேர்த்தவையே இரண்டு பெட்டி ஆகிவிட்டன. ஒன்று போதும். மற்றதைத் திருப்பி விட்டால்தான் அடுத்தவர் கைக்கும் புதுச் சில்லறை வரும்.

பழங்காசு:
ஒன்று போதும் என்பது சரி. அந்த ஒன்று தம்பியிடம் இப்போதுதானே வந்திருக்கிறது.

இளமதி_கா:
எல்லாரும் சொல்ல மறந்த ஒன்று: தயவுசெய்து துலக்காதீர்கள். ஆரம்பத்தில் நான் ஒரு 2000-ஆம் ஆண்டு லிங்கன் சென்ட் கண்டுபிடித்தேன். பின்பக்கத்தில் 'அமெரிக்கா' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்தும் ஒட்டாமல் தள்ளி நின்றன. 1998, 1999, 2000 மூன்று வருடத்திலும் சேகரிப்பாளர்களுக்கென்று அடிக்கும் மெருகுக் காசின் பின்பக்க அமைப்பு, தவறிப்போய்ச் சில புழக்கக் காசுகளுக்கு வந்துவிட்டது. அதில்தான் அந்த இடைவெளி. 1992-இல் நிலைமை தலைகீழ், நெருக்கமாக இருப்பதுதான் அபூர்வம்.

கிடைத்த சந்தோஷத்தில் பற்பசை வைத்துத் தேய்த்துவிட்டேன். பளபளவென்று வந்தது. லென்ஸில் பார்த்தால் முகம் முழுக்க மெல்லிய கீறல். அச்சிலிருந்து வந்த அந்த முதல் தோல் போய்விட்டது, திரும்ப வராது. இன்றும் அதை வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும். பசை ஒட்டியிருந்தால் மட்டும் அசிட்டோனில் ஊற வையுங்கள். அது உலோகத்தோடு சேராது, பசையை மட்டும் கரைக்கும். காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். துணியால் துடைக்காமல் தானாக உலர விடுங்கள்.

நீலப்பை:
அக்கா, இவ்வளவு தேடினால் எத்தனை காசுக்கு ஒன்று கிடைக்கும்?

இளமதி_கா:
கணக்குச் சொன்னால் பொய்யாகிவிடும். மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்காது, அப்புறம் ஒரே நாளில் இரண்டு கிடைக்கும். வேண்டுமென்றே கலந்துவிட்டதும் உண்டு. 2019-இல் அமெரிக்க நாணயச்சாலை வெஸ்ட் பாயிண்டில் 'டபிள்யூ' குறி போட்ட கால் டாலர்களை ஐந்து உருவத்தில், உருவத்துக்கு 20 லட்சம் அடித்துப் புழக்கத்தில் விட்டது. மக்கள் மறுபடி சில்லறையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அடுத்த ஆண்டும் அதைச் செய்தது. ஒரு கோடி காசு கேட்க நிறைய, ஆனால் மொத்தச் சில்லறைக் கடலில் கரைந்துவிடும்.

உங்கள் ஊர்க் காசில் தொடங்குங்கள், குறிகளைப் பிரிப்பதில் தொடங்குங்கள். இந்தியக் காசு என்றால் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. அதைப் பிரிக்கப் பழகிய கண் மற்றதையும் தானே பார்க்கும்.

சில்லறை_டப்பா:
பத்து நாள் கழித்து வருகிறேன். வங்கியில் ஒரு புதுக் காசுச் சுருள் வாங்கிப் பிரித்தேன். மூன்று காசில் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு எழும்பிய கோடு. ஒன்றில் சின்னதாக, விளிம்பை விட்டு வெளியே வந்த உடனே நின்றுவிடுகிறது. இன்னொன்றில் முதல் எழுத்து வரை. மூன்றாவதில் எழுத்தைத் தாண்டி உருவம் வரைக்கும் போகிறது. மூன்றிலும் ஒரே இடம், ஒரே வளைவு. மேடாக இருப்பதால் அச்சில் விரிசல் என்று நினைக்கிறேன். சரியா ஐயா?

பழங்காசு:
சரிதான் தம்பி! ஒரே அச்சுதானா என்று உறுதிப்படுத்த விரிசலைத் தவிர இன்னொரு அடையாளம் தேடுங்கள். உருவமில்லாத வெற்றுப் பரப்பில், அச்சை மெருகேற்றியபோது விழுந்த மெல்லிய மெருகுக் கோடுகள் இருந்தால் அவை மூன்றிலும் ஒரே மாதிரி விழுந்திருக்க வேண்டும். பொருந்தினால், விரிசல் நீண்ட வரிசைதான் அவை அடிபட்ட வரிசை. விரிசல் நீளுமே தவிரக் குறையாது. இப்படியே போனால் ஒரு கட்டத்தில் விளிம்போரத்தில் அச்சின் ஒரு துண்டே உடைந்து விழும். அதற்குப் பிறகு அடித்த காசில் அந்த இடம் உருவமே இல்லாமல் திட்டாக எழும்பி நிற்கும். அதைக் கட் (cud) என்போம்.

சில்லறை_டப்பா:
பார்த்துவிட்டேன். ஆண்டு எண்ணுக்கு மேலே மூன்று மெருகுக் கோடு, மூன்று காசிலும் அதே சாய்வில். அதே வங்கியில் இன்னும் இரண்டு சுருள் கேட்டிருக்கிறேன். திட்டு உள்ளது கிடைத்தால் நான்கையும் வரிசையாக வைத்துப் படம் போடுகிறேன்.